பிராட்: சொல்லழுத்தமும் பேச்சின் தாளமும் ஆராய்வோருக்கான மென்பொருள், ஒரு மதிப்புரை

பிராட் மென்பொருளின் பட்டியல்களை மேலிருந்து கீழ்வரை எத்தனை முறை திறந்து பார்த்தாலும், ஒரு சொல்லில் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்று சொல்லும் கட்டளை எதுவும் கண்ணில் படாது. சொல்லழுத்தத்தையும் பேச்சின் தாளத்தையும் ஆராய்கிற மொழியியலாளர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுக்கும் கருவி இதுதான் என்று கேள்விப்பட்டு வரும் மாணவருக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும். எனக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. பல ஆண்டுகள் இதனோடு வேலை செய்த பிறகு, அந்தக் கட்டளை இல்லாததே இதன் பெரிய நேர்மை என்று கருதுகிறேன். அதற்கான காரணங்களையும், எந்த இடங்களில் இந்த மென்பொருளை நம்பலாம், எந்த இடங்களில் நம்பக் கூடாது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒலியியலாளர்கள் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்க்கும் 1990களின் தொடக்கத்திலிருந்து உருவாக்கி வரும் மென்பொருள் இது. டச்சு மொழியில் 'பிராட்' என்றால் 'பேசு' என்று பொருள். கட்டணம் கிடையாது, மூலநிரல் எவரும் படிக்கும்படி திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஓடுகிறது. பதிவிறக்கிய கோப்பை விரித்துச் சொடுக்கினால் வேலையைத் தொடங்கிவிடலாம். திறந்தவுடன் இரண்டு சாளரங்கள் வருகின்றன: ஒன்றில் நாம் ஏற்றும் ஒலிகளும் அவற்றிலிருந்து கணக்கிட்டவையும் பட்டியலாக நிற்கும், மற்றொன்று ஆய்வுக் கட்டுரைக்கான படங்களை வரைவதற்கு. ஒலியைத் திறந்தால் மேலே அலைவடிவம், கீழே எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று சாம்பல் நிறத்தில் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம், அதன் மேல் குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நீலக் கோடு, உயிரொலிகளின் தன்மையைக் காட்டும் செம்புள்ளிகள். நாம் பேசிய ஒரு சொல் இப்படி விரிந்து கிடப்பதை முதன்முறையாகப் பார்க்கும்போது ஏற்படும் வியப்பு இன்றும் எனக்குக் குறையவில்லை.

அழுத்தத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால், அது ஒலியில் ஒற்றைப் பொருளாக எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆங்கிலத்தில் 'பெர்மிட்' என்ற சொல்லின் முதல் அசையை அழுத்தினால் அனுமதிச் சீட்டு என்ற பெயர்ச்சொல், இரண்டாம் அசையை அழுத்தினால் அனுமதித்தல் என்ற வினைச்சொல். இவ்வகை இணைகளை வைத்து டென்னிஸ் ஃபிரை 1955இலும் 1958இலும் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறைக்கு அடித்தளம் இட்டவை. செயற்கைப் பேச்சில் உயிரொலியின் நீளத்தையும் உரப்பையும் குரல் உயரத்தையும் தனித்தனியே மாற்றிக் கேட்போரிடம் கொடுத்து, அவர்கள் பெயர்ச்சொல்லாகக் கேட்கிறார்களா வினைச்சொல்லாகக் கேட்கிறார்களா என்று அவர் பதிவு செய்தார். அழுத்தம் என்றால் உரக்கச் சொல்வது என்று பலரும் எண்ணிக்கொண்டிருந்த நிலையில், கேட்போரின் முடிவை மாற்றுவதில் நீளம் உரப்பை விஞ்சியது. குரல் உயர மாற்றம் அவற்றையும் விடத் தீர்க்கமாகச் செயல்பட்டது.

அன்று ஆய்வுக்கூடம் இருந்தால்தான் செய்ய முடிந்த இந்தச் சோதனையை இன்று ஒரு மடிக்கணினியில் ஒரு மாலைப் பொழுதில் செய்து பார்க்கலாம் என்பதுதான் பிராட்டின் முதல் பெருமை. ஒலியைத் தேர்ந்து 'மேனிப்புலேஷன்' என்ற வகைக்கு மாற்றினால் மூன்று தளங்கள் கொண்ட சாளரம் திறக்கும். நடுத்தளத்தில் குரல் உயரத்தைக் காட்டும் புள்ளிகளைச் சுட்டியால் பிடித்து மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். அடித்தளத்தில் புள்ளிகளை இட்டு, ஓர் உயிரொலியை மட்டும் ஒன்றரை மடங்கு நீட்டலாம், பாதியாகக் குறுக்கலாம். 'பெர்மிட்' பெயர்ச்சொல்லைப் பதிந்து, முதல் அசையின் குரல் உயரத்தை இறக்கி இரண்டாம் அசையின் உயரத்தை ஏற்றி மறுபடி ஒலிக்கவிட்டபோது, என் காதுக்கு அது வினைச்சொல்லாகவே மாறிக் கேட்டது. நான் பதிந்த சொல்லின் மெய்யொலிகளும் உயிரொலிகளும் அப்படியே இருந்தன. கோட்டின் வளைவு மட்டுமே வேறு. பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கங்கள் படித்தும் பிடிபடாத செய்தி, அந்த ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது. உரப்பை மாற்றும் வசதி மட்டும் அந்தச் சாளரத்தில் இல்லை. அதற்கு வேறு கட்டளைகளைத் தேடிப் போக வேண்டும். இவ்வாறு மாற்றிய ஒலிகளைப் பலருக்குக் கொடுத்து 'எது' என்று தேர்வு செய்யச் சொல்லும் கேட்டறி சோதனையையும் பிராட்டுக்குள்ளேயே நடத்த முடியும்.

தமிழ் பேசுவோருக்கு இந்தக் கருவி கூடுதலாகப் பயன்படுகிறது என்று சொல்வேன். தமிழில் அழுத்தத்தின் இடத்தை மட்டும் மாற்றி இரு சொற்களைப் பிரிப்பதில்லை. படம், பாடம் என்று நீளத்தை வைத்துப் பிரிக்கிறோம். தம் மொழியில் இல்லாத வேறுபாட்டைக் காது எளிதில் தவறவிடும். பிரெஞ்சு பேசுவோர் அழுத்தத்தின் இடம் மட்டுமே வேறுபடும் சொற்களைப் பிரித்துணரத் தடுமாறுகிறார்கள் என்று டுப்பூவும் உடனாய்வாளர்களும் 1997இல் காட்டினார்கள். அதை அழுத்தச் செவிடு என்றே அழைத்தார்கள். காதை மட்டும் நம்ப முடியாத இடத்தில் கண்ணும் துணைக்கு வருவது நல்லதுதான். ஆனால் கண்ணையும் அளவோடுதான் நம்ப வேண்டும்.

நீலக் கோட்டை எடுத்துக்கொள்வோம். பேச்சு ஒலியில் ஒரே வடிவம் எவ்வளவு நேர இடைவெளியில் திரும்ப வருகிறது என்று தேடி, அதிலிருந்து குரலின் அதிர்வெண்ணைக் கணக்கிடும் முறையை பூர்ஸ்மா 1993இல் வெளியிட்டார்; பிராட்டின் புகழுக்கு அந்தக் கணக்கின் துல்லியம் ஒரு முக்கியக் காரணம். ஆயினும் அது நாம் கொடுக்கும் எல்லைகளுக்குள்தான் தேடும். கீழெல்லை 75 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், ஒவ்வோர் அளவீட்டுக்கும் 40 மில்லி விநாடி நீளமுள்ள ஒலித்துண்டு அதற்கு வேண்டும். 50 ஹெர்ட்ஸ் என்றால் 60 மில்லி விநாடி. அழுத்தம் பெறாத குறுகிய உயிரொலி அந்தத் துண்டை விடவும் சிறியதாக இருக்கக்கூடும். அப்போது நாம் அந்த அசைக்கு உரியது என்று எழுதிக்கொள்ளும் எண்ணில் பக்கத்து ஒலிகளின் பங்கும் கலந்திருக்கும். வாக்கிய இறுதியில் குரல் கரகரத்துத் தேயும்போது கோடு திடீரெனப் பாதி உயரத்துக்கு விழுவதும் உண்டு. அது பல நேரங்களில் பேசியவரின் குரல் செய்தது அன்று, கணக்கின் பிழை. 2023இல் வந்த 6.4 பதிப்பிலிருந்து, ஒலியை முதலில் வடிகட்டிவிட்டுக் கணக்கிடும் முறை இயல்பு முறையாக வைக்கப்பட்டிருக்கிறது. பழைய பதிப்பில் எடுத்த அளவுகளையும் புதியதில் எடுத்தவற்றையும் ஒரே அட்டவணையில் கலப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

உரப்பைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிடலாம்: அளவுதிருத்தம் செய்யாத ஒலிவாங்கியில் பிராட் காட்டும் டெசிபெல் எண் உண்மையான ஒலியழுத்தம் ஆகாது; பேசுபவர் தலையைச் சற்றே திருப்பினாலும் அது மாறும்.

இவ்வளவும் சரியாக எடுத்த பிறகும் அழுத்தம் தானாகத் தெரிந்துவிடுவதில்லை. வெல்ஷ் மொழியில் அழுத்தம் ஈற்றயல் அசையில் விழுகிறது. குரல் உயர்வோ பெரும்பாலும் ஈற்று அசையில் வருகிறது. நீலக் கோட்டின் உச்சியை மட்டும் பார்த்து முடிவு செய்பவர் அங்கே தவறிவிடுவார். இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. ஒரு சொல்லைத் தனியாகச் சொல்லச் சொன்னால், அந்தச் சொல்லே ஒரு வாக்கியமும் ஆகிவிடுகிறது. நாம் அளக்கும் குரல் உயர்வு அந்தச் சொல்லின் அழுத்தத்துக்கு உரியதா, வாக்கியத்தில் ஒரு சொல்லை எடுத்துக்காட்டும் முனைப்புக்கு உரியதா என்று பிரிக்க முடியாது. மேத்யூ கார்டனும் டிமோ ரெட்கரும் 2017இல் 75 மொழிகளைப் பற்றிய 110 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அழுத்தத்தோடு பல மொழிகளில் தொடர்ந்து ஒத்துவந்த அடையாளமாக நீளமே முன்னால் நின்றது; அதே சமயம், ஆய்வுகள் பலவற்றில் சொல்லின் அழுத்தமும் வாக்கியத்தின் முனைப்பும் பிரிக்கப்படாமல் கலந்துகிடக்கின்றன என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அழுத்தத்துக்கென்று ஒரு பொத்தான் பிராட்டில் இருந்திருந்தால், இந்தக் கலப்பை அது மறைத்துவிட்டு ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்திருக்கும். நாமும் அதை வாங்கிக்கொண்டு போயிருப்போம்.

தாளத்துக்கு வருகிறேன். என் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் செலவாகிறது.

சில மொழிகளில் அழுத்தங்களுக்கு இடைப்பட்ட நேரமும், வேறு சிலவற்றில் அசைகளும் சம அளவில் வருகின்றன என்ற கருத்துக்குக் கென்னத் பைக் 1945இல் அழுத்தத்தாளம், அசைத்தாளம் என்று பெயர் சூட்டினார்; டேவிட் அபர்கிராம்பி 1967இல் அதை உலக மொழிகள் அனைத்துக்கும் விரித்தார். பின்னர் அளந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சம இடைவெளி அகப்படவில்லை. ரெபெக்கா டாயர் 1983இல், தாளம் என்று நாம் உணர்வது மொழியின் அசையமைப்பு, உயிரொலிகள் குறுகும் விதம் முதலியவற்றின் விளைவு என்று வாதிட்டார். அதை எண்ணாக்கும் முயற்சியாக, ராமுஸ், நெஸ்போர், மேலர் ஆகியோர் 1999இல் பேச்சு நேரத்தில் உயிரொலிகள் எத்தனை விழுக்காடு, மெய்யொலித் தொகுதிகளின் நீளம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவுகளை முன்வைத்தார்கள். கிரேப், லோ ஆகியோர் 2002இல், அடுத்தடுத்த இரண்டு உயிரொலிகளின் நீள வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கும் இணை வேறுபாட்டுக் குறியீட்டைப் பதினெட்டு மொழிகளுக்குக் கணக்கிட்டார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. மொழிக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் பேசியோர் இருந்தார்கள்.

இந்த அளவுகள் அனைத்துக்கும் மூலப்பொருள் ஒன்றே: ஒவ்வோர் ஒலியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எல்லைக்கோடுகள். பிராட்டில் அவற்றை டெக்ஸ்ட்கிரிட் என்ற, அடுக்குகள் கொண்ட குறிப்புக் கோப்பில் கையால் இடுகிறோம். 'பட்டம்' என்ற சொல்லில் இது இன்பமான வேலை. ட்ட என்ற இடத்தில் ஸ்பெக்ட்ரோகிராம் வெறுமையாகிறது. நாக்கு விடுபடும்போது செங்குத்தாக ஒரு கீற்று விழுகிறது. எல்லையை எங்கே வைப்பது என்பதில் இருவருக்குள் கருத்து மாறுபாடு வராது. அடுத்து 'வாழை' என்ற சொல்லைத் திறந்து பாருங்கள். ழகரத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. மூன்றாவது வரிசைச் செம்புள்ளிகள் ஆகாரத்தின் நடுவிலேயே சரியத் தொடங்கி, இரண்டாவது வரிசையை நெருங்கி, மெல்ல மேலேறி ஐகாரத்தில் கலந்துவிடுகின்றன. சரிவின் தொடக்கத்தில் கோடு போடுபவரும் சரிவின் பாதியில் போடுபவரும் தத்தம் அளவில் சரியே.

இதனால் விளைவு எவ்வளவு மாறும் என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். அடுத்தடுத்த இரண்டு உயிரொலிகள் 60, 120 மில்லி விநாடி என்று அளக்கப்பட்டால், வேறுபாடு 60, சராசரி 90, குறியீடு ஏறத்தாழ 67. ஒவ்வோர் உயிரிலும் எல்லை பத்தே மில்லி விநாடி தள்ளி விழுந்து அவை 70, 110 என்று ஆனால், வேறுபாடு 40, சராசரி அதே 90, குறியீடு ஏறத்தாழ 44. நீண்ட பதிவில் இத்தகைய பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு சரிக்கட்டும் என்பது உண்மைதான். ஆனால் ழ, ய, வ போன்ற ஒலிகளில் ஒருவர் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கோடு போட்டால் பிழை சரிக்கட்டப்படாது, குவியும்.

குற்றியலுகரம் இன்னும் கடினமானது. 'காசு', 'பட்டு' போன்ற சொற்களின் ஈற்று உகரத்துக்கு அரை மாத்திரைதான் என்று இலக்கணம் வகுத்திருக்கிறது. அந்த அரை மாத்திரையைத் திரையில் தேடும்போதுதான் அதை வகுத்தவர்களின் செவிக்கூர்மை எனக்கு உறைத்தது. சில பதிவுகளில் உகரம் குறுகிய, மங்கிய பட்டையாக நிற்கிறது. வேகமான பேச்சில் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இல்லாமலே போகிறது. சில இடங்களில் குரல் அதிர்வின்றி வெறும் மூச்சாக வெளிவருகிறது. நீலக் கோடு அங்கே அறுந்துவிடுகிறது. மூச்சாக ஒலித்ததை உயிர் என்று கணக்கில் சேர்ப்பதா, முன்னுள்ள மெய்யோடு சேர்ப்பதா? இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தாளக் குறியீடு மாறும், ஏனெனில் தமிழில் குற்றியலுகரச் சொற்கள் வரிக்கு வரி வருகின்றன. நான் பின்பற்றும் வழி, டெக்ஸ்ட்கிரிட்டில் அதற்கென்றே தனி அடுக்கு ஒன்றை வைத்து, சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு கணக்குகளையும் எடுப்பது. எத்தனை அடுக்குகள் வேண்டுமானாலும் சேர்க்க பிராட் இடம் தருகிறது; இந்த வேலைக்கு இதைவிட ஏற்ற அமைப்பு வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழின் தாளத்தைப் பற்றிய ஆய்வு வரலாறே இந்தத் தயக்கத்தை நியாயப்படுத்துகிறது. தமிழை அசைத்தாள மொழி என்றும் அழுத்தத்தாள மொழி என்றும் மாத்திரைகள் சம அளவில் வரும் மாத்திரைத்தாள மொழி என்றும் பலரும் பலவாறு சொல்லியிருக்கிறார்கள். பாலசுப்பிரமணியன் 1980இல் வெளியிட்ட ஆய்வில், பைக் காட்டிய இரண்டு வகைகளில் எதிலும் தமிழ் அடங்கவில்லை என்றார். எலினோர் கீன் 2006இல் எழுத்து வழக்கையும் பேச்சு வழக்கையும் தனித்தனியே எடுத்து அளந்தார். 'வந்துவிட்டான்' என்பது 'வந்துட்டான்' ஆகும்போது உயிரும் அசையும் குறைகின்றன என்பதால், ஒரே மொழிக்குள்ளேயே தாளத்தை இரு முறை கேட்க வேண்டியிருக்கிறது. அமாலியா அர்வானிட்டி 2012இல், இத்தகைய குறியீடுகள் பேசுபவரையும் வாசிக்கக் கொடுத்த பகுதியையும் பேச்சு பெறப்பட்ட விதத்தையும் பொறுத்து மாறிவிடுகின்றன என்று காட்டிய பிறகு, ஒற்றை எண்ணைக் கொண்டு ஒரு மொழியை வகைப்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வேலையைத் துரிதப்படுத்தும் வசதிகளும் உண்டு. பிராட்டுக்கென்று ஒரு ஸ்கிரிப்ட் மொழி இருக்கிறது. நாம் சொடுக்கிச் செய்த கட்டளைகளையே வரலாற்றிலிருந்து எடுத்து ஒட்டித் தொடக்கநிலை ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம். நிவியா டி யோங், டன் வெம்பே ஆகியோர் 2009இல் வெளியிட்ட அசைகளின் மையத்தைக் கண்டறியும் ஸ்கிரிப்டும், குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்போர் உணரும் விதத்தில் வரைந்து காட்டும் பீட் மெர்டன்ஸின் புரோசோகிராமும் இந்த மொழியின் வலிமைக்குச் சான்று. பைத்தான் நிரல்மொழி பழகியவர்களுக்கு, அதிலிருந்தே பிராட்டை இயக்கும் பார்சல்மவுத் இருக்கிறது. எழுத்தையும் ஒலியையும் தானாகப் பொருத்தித் தரும் மாண்ட்ரியல் அலைனர் தன் விளைவை டெக்ஸ்ட்கிரிட்டாகவே தருகிறது. ஆயினும் அப்படி வந்த எல்லைகளைத் திறந்து பார்க்காமல் கணக்குக்கு அனுப்பக் கூடாது. மேலே சொன்ன பத்து மில்லி விநாடிக் கணக்கு இயந்திரம் போட்ட கோட்டுக்கும் பொருந்தும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தோற்றம் பழையது, பொத்தான்கள் எதைத் தேர்ந்தோமோ அதற்கேற்ப மாறுவதால், புதியவர் சென்ற முறை பார்த்த கட்டளையைத் தேடி அலைவார். பட்டியலில் உள்ள ஒன்றைத் தேர்ந்து 'ரிமூவ்' அழுத்தினால், உறுதியா என்று கேட்காமலே நீக்கிவிடும்; சேமிக்காத டெக்ஸ்ட்கிரிட் என்றால் அரை நாள் உழைப்பு போனது போனதுதான். ஒலிக்கோப்பும் டெக்ஸ்ட்கிரிட்டும் வெவ்வேறு கோப்புகள் என்பதால் இரண்டையும் தனித்தனியே சேமிக்க வேண்டும். உள்ளமைந்த கையேடு நுட்பமானது, பிழையற்றது. ஆனால் அடிப்படை தெரிந்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மாணவர் தனியே அதைப் படித்துக் கரையேறுவது கடினம், அருகில் ஒருவர் உட்கார்ந்து முதல் இரண்டு வாரம் காட்டித்தர வேண்டும்.

பேச்சுப் பயிற்சிக்காகத் தம் உச்சரிப்பைச் சரிபார்க்க விரும்புபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; சரி, தவறு என்று இது எதையும் சொல்லாது. ஒரு மொழியில் அழுத்தம் உண்டா, உண்டென்றால் எதனால் தெரிகிறது என்ற கேள்வியோடு வருபவருக்கு இதற்கு ஈடான கருவி இல்லை. அவர் முதலில் ஐந்தே சொற்களைப் பதியட்டும். அவற்றைத் தனியாகவும், ஒரே வாக்கியச் சட்டத்துக்குள் முனைப்புப் பெற்றும் பெறாமலும் சொல்லிப் பதியட்டும். பேசியவரின் குரலுக்கேற்ப நீலக் கோட்டின் தேடல் எல்லைகளை அமைத்து, அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு உயிரொலிகளுக்குக் கோடு போட்டு, கோப்பை மூடி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அதே ஒலிக்குப் பழைய கோடுகளைப் பாராமல் மறுபடி போடட்டும். இரண்டு முறைக்கும் இடையே தம் கை எத்தனை மில்லி விநாடி விலகியிருக்கிறது என்று அவர் முதலில் அளக்க வேண்டும். மற்ற அளவுகளை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.